பராக்கும் ஒரு மாத்திரையும்

'பராக்கு' என்னும் சொல்லை நம் வீடுகளில் இப்போது கேட்பது அரிதாகிவிட்டது. பாவசங்கீர்த்தனத்திற்கு முன் ஆத்தும சோதனை செய்யப் பழகிய முந்தைய தலைமுறைக்கு அச்சொல் நன்கு தெரியும். செபம் சொல்லுகையில் மனம் கண்டபடி அலைவதே பராக்கு. செபமாலையின் நடுவே உலையில் போட்ட அரிசியையும் கட்டவிழ்ந்து ஓடிய கன்றையும் நினைத்துவிட்டேனே, இது பாவமா என்று குருவானவரிடம் கேட்ட பாட்டிமார்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். அவர்களுக்கான விடை 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. புனித தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் பெருநூலில் செபத்தின் கவனத்தைப் பற்றி ஆராயும்போது, வேண்டுமென்றே மனத்தை அலையவிடுவது வேறு, மனம் தானாக நழுவிச் செல்வது வேறு என்று பிரிக்கிறார். முன்னது குற்றம். பின்னது மனித இயல்பின் பலவீனம். அது செபத்தின் பயனை அழித்துவிடுவதில்லை.

பாட்டிமார்களின் செபத்திற்குக் காட்டிய இந்தக் கனிவை நம் பள்ளிகளில் பெஞ்சின்மேல் உட்கார முடியாமல் தவித்த பிள்ளைகளுக்குக் காட்டினோமா? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இக்கேள்விதான்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ளது சிலமலை. மேற்கே ஏலமலைத் தொடர் சுவர்போல் எழுந்து நிற்கும். பொழுது விடியுமுன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியும் கொங்காணியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து அமர்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்வார்கள். இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். இந்த வீடுகளின் பிள்ளைகள் தாமே எழுந்து, தாமே குளித்து, தாமே பள்ளிக்கு வருகிறவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நாம் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தோம்.

அவர்களுள் ஒரு பையன். ஊரார் அவனைக் 'காலில் சக்கரம் கட்டியவன்' என்றார்கள். வாய்ப்பாட்டில் 7-ஆம் வாய்பாடு சொல்லத் தொடங்குவான். நான்காவது வரியில் சன்னலுக்கு வெளியே ஓணானைப் பார்ப்பான். ஐந்தாவது வரி வருவதில்லை. கெட்டிக்காரன். கணக்கைக் கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லுவான். ஆனால் எழுதி முடிக்க மாட்டான். சிலேட்டுக்குச்சி, பென்சில், செருப்பு என்று நாளொன்றுக்கு ஒன்றைத் தொலைப்பான். நாம் அவனை அடித்தோம். பிரம்பினாலும் அடித்தோம், 'உனக்குத் திமிர்' என்னும் சொல்லினாலும் அடித்தோம். அடி வாங்கும்போது அவன் முகத்தில் இருந்தது திமிரன்று, வியப்பு என்பது இப்போதுதான் நமக்கு விளங்குகிறது. எட்டாம் வகுப்போடு அவன் ஏலக்காட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அவனுக்கு இருந்ததற்கு ஒரு பெயர் உண்டென்பதும், அப்பெயருக்கு நெடிய வரலாறு உண்டென்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. வேறு நாட்டுக் கதைபோலத் தோன்றினும், அது இறுதியில் நம் சத்துணவுக் கூடத்தின் வாசலில்தான் வந்து நிற்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் அலெக்சாந்தர் கிரைட்டன் 1798-இல் மனநோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஓர் அதிகாரம் முழுவதும் கவனத்தையும் அதன் கோளாறுகளையும் பற்றியது. எதிலும் நிலைத்து நிற்க இயலாத மனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைகிறது என்றும், அத்தகைய பிள்ளைக்குக் கல்வி பெருந்துன்பமாகிறது என்றும் அவர் குறித்தார். அடுத்த நூற்றாண்டில், 1844-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்குத் தம் சிறு மகனுக்குப் பரிசளிக்க நல்ல படப்புத்தகம் கிடைக்காமல், பிராங்க்பர்ட் நகர மருத்துவர் ஹைன்ரிச் ஹாப்மன் தாமே படம் வரைந்து கதை எழுதினார். அந்நூலில் வரும் பிலிப் என்ற சிறுவன் உணவு மேசையில் ஆடாமல் அசையாமல் இருக்கமாட்டாமல், நாற்காலியோடு சாய்ந்து, மேசை விரிப்பையும் தட்டுகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். செர்மானியர் இன்றும் துறுதுறுப்பான பிள்ளையை அப்பெயரால் அழைக்கிறார்கள்.

மருத்துவ உலகம் இதை முறையாக எடுத்துப் பேசியது 1902-இல். இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவில் குறைவில்லாத குழந்தைகள் சிலர் ஏன் எதிலும் நிலைப்பதில்லை, ஏன் தண்டனைக்குப் பின்னும் அதே செயலைச் செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். ஆனால் அந்நிலைக்கு அவர் தேர்ந்த பெயரைக் கேளுங்கள்: 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு'. இது வளர்ப்பின் குற்றமன்று, உடலில் வேர்கொண்டது என்று சொல்ல வந்தவரே அதை ஒழுக்கத்தின் பெயரால்தான் சுட்ட முடிந்தது. இதற்காக நாம் ஸ்டிலைக் குறைகூற விரும்பவில்லை. கையில் பிரம்போடு நின்ற நமக்கு அவ்வுரிமை இல்லை.

பின்னர் முதல் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் உலகெங்கும் ஒருவகை மூளைக் காய்ச்சல் பரவிற்று. அதிலிருந்து பிழைத்த பிள்ளைகளுள் பலர் முன்பிருந்த சாந்தம் போய் ஓயாத துறுதுறுப்பும் ஆத்திரமும் உடையவர்களானார்கள். நல்ல குடும்பத்தில் நல்லவிதமாக வளர்ந்த பிள்ளை ஒரு காய்ச்சலுக்குப் பின் இப்படி மாறினால், அதை ஒழுக்கக்கேடு என்று யார் சொல்ல முடியும்? மூளையை நோக்கி மருத்துவர்களின் பார்வையைத் திருப்பியதில் அக்கொள்ளைநோய்க்குப் பங்குண்டு.

இனி மருந்தின் கதை. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஜார்ஜ் பிராட்லி என்ற செல்வருக்கு எம்மா என்று ஒரே மகள். ஏழு வயதில் மூளை அழற்சி கண்டு, உடலும் மனமும் ஊனமுற்றாள். தம் மகளைப் போன்ற குழந்தைகளுக்குப் புகலிடம் இல்லையே என வருந்திய தந்தை, தம் சொத்தை ஒரு மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். 1931-இல் மகளின் பெயரால் அது திறக்கப்பட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் அங்கே பணிபுரிந்தார். அந்நாளில் மூளையைப் படமெடுக்க, முதுகுத்தண்டின் நீரை வெளியேற்றிக் காற்றைச் செலுத்துவார்கள். பின்பு பிள்ளைகளுக்குத் தாங்கொணாத தலைவலி வரும். அந்நீர் மீண்டும் சுரக்க உதவுமென்று எண்ணி, பென்செட்ரின் என்ற கிளர்ச்சியூட்டும் மருந்தை பிராட்லி கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகத் தணியவில்லை. ஆனால் அங்கிருந்த ஆசிரியர்கள் வந்து, பிள்ளைகள் பாடத்தில் அமர்கிறார்கள் என்றார்கள்! 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்து அவர் கண்டதை 1937-இல் வெளியிட்டார். அவர்களுள் 14 பேரிடம் பள்ளி வேலையில் வியக்கத்தக்க மாற்றம் தெரிந்தது. கணக்குப் போட முடிகிறதே என்ற மகிழ்ச்சியில் பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்களாம்.

ஆசிரியராக இருந்தவர் எவரும் இந்த இடத்தில் சற்று நின்றுதான் போவார். தலைவலிக்குக் கொடுத்த மருந்து வகுப்பறையில் என்ன செய்தது என்பதை முதலில் கண்டு சொன்னவர்கள் ஆசிரியர்கள்.

பென்செட்ரின் எனும் ஆம்பெடமினை 1887-இல் பெர்லினில் முதன்முதல் உருவாக்கியவர் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலியானு. அதன் பயன் அவருக்குத் தெரியாது. 1929-இல் கலிபோர்னியாவில் கார்டன் ஆலஸ் என்பவர் தம் உடலிலேயே அதைச் சோதித்துப் பார்த்தபின்தான் அது மருந்தாயிற்று. நம் நாட்டில் இன்று பேசப்படும் மருந்து வேறு. அதன் பெயர் மெத்தில்பெனிடேட். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்தில் பணிபுரிந்த லியாந்திரோ பனிசோன் 1944-இல் அதை உருவாக்கினார். அவர் மனைவி மார்கரீத்தா, செல்லமாக 'ரீட்டா', டென்னிஸ் ஆடுமுன் அதை உண்டு உற்சாகம் பெற்றாராம். மனைவியின் பெயரையே வைத்து அம்மருந்து 'ரிட்டாலின்' ஆகி, 1954-இல் சந்தைக்கு வந்தது. முதலில் அது களைப்புக்கும் சோர்வுக்கும் முதியோரின் மறதிக்கும் தரப்பட்டது. துறுதுறுப்பான குழந்தைகளுக்கு அது உரியதென்று காட்டும் ஆய்வுகள் 1960-களில் வந்தன.

ஓடுகிறவனுக்கு ஏன் ஊக்க மருந்து? கேட்கும் எவருக்கும் இது முரணாகத் தோன்றும். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதல்லவா என்று ஓர் அன்பர் நம்மிடம் வினவினார். மூளையில் ஒரு நரம்பு தன் அண்டை நரம்புக்குச் செய்தி சொல்ல டோபமின் என்னும் பொருளைச் சுரக்கிறது. சொல்லி முடித்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெத்தில்பெனிடேட் அந்தத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைக்கிறது. ஆகவே செய்தி சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது. மனித மூளையில் இவ்வாறு நிகழ்வதை 2001-இல் நோரா வோல்கோவும் அவர்தம் குழுவினரும் படமெடுத்துக் காட்டினார்கள். 'இதைக் கவனி, அதை விடு' என்று அடக்கி ஆளும் மூளைப் பகுதிகளுக்கு அந்தக் கூடுதல் உதவுகிறது. குதிரைக்கு அன்று, கடிவாளம் பிடிப்பவனுக்கே ஊக்கம் தரப்படுகிறது எனலாம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1978-இல் ஜூடித் ராப்பப்போர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு இவ்வின மருந்தைக் கொடுத்தார். அவர்களும் அமைதியாயினர், கவனமும் கூடிற்று. ஆகவே மாத்திரை கேட்டது, எனவே பிள்ளைக்கு நோய் இருந்தது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. நோயை அறிவது மருந்தின் வேலையன்று; பொறுமையோடு பார்க்கும் மருத்துவரின் வேலை.

கடுங்காப்பி கொடுத்தால் பிள்ளை அடங்குகிறான் என்று நம் பக்கத்தில் சொல்லும் தாய்மார்கள் உண்டு. 1973-இல் ஓர் அமெரிக்க மருத்துவரும் அதையே எழுதினார். பின்வந்த ஒப்பீடுகளில் காப்பி அம்மருந்துகளுக்கு ஈடாக நிற்கவில்லை. அந்தப் பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

மெத்தில்பெனிடேட்டிற்கு ஒரு பெருங்குறை இருந்தது. உண்டபின் மூன்று நான்கு மணி நேரமே அது பயன் தரும். காலை எட்டு மணிக்கு உண்டவன் பதினொன்றரை மணிக்குப் பழைய ஆள். எனவே நண்பகலில் மீண்டும் ஒன்று தரவேண்டும். மேலை நாட்டுப் பள்ளிகளில் அதற்கென அலுவலகத்தின் முன் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். மறப்பதையே நோயாகக் கொண்ட பிள்ளையிடம் மறவாமல் நண்பகல் மாத்திரையை உண் என்று சொல்லுவதில் உள்ள நகைப்பை என்னவென்பது!

மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் முறையை இந்நாளைய அற்புதமாக எண்ணவேண்டாம். 1952-இலேயே ஸ்மித் கிளைன் பிரெஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு குமிழுக்குள் நூற்றுக்கணக்கான நுண்மணிகளை அடைத்து விற்றது. ஒவ்வொரு மணிக்கும் வெவ்வேறு கனத்தில் மெழுகுப் பூச்சு. பூச்சு மெல்லிய மணி முதலில் கரையும், தடித்தது பிந்திக் கரையும். வியப்பு என்னவெனில், அவ்வகையில் முதன்முதல் சந்தைக்கு வந்ததே ஆம்பெடமின் இனத்து மருந்துதான். 1980-களில் ரிட்டாலினையும் மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அது எட்டு மணி நேரம் தாங்குமென்றார்கள். ஆனால் தாய்மார்களும் மருத்துவர்களும் அதை அவ்வளவாக விரும்பவில்லை. இரத்தத்தில் மருந்து நாள் முழுதும் ஒரே அளவாக இருந்தும், பிற்பகலில் பயன் ஏன் குறைந்தது என்பது புதிராயிருந்தது.

அப்புதிரை அவிழ்த்தவர் கலிபோர்னியாவின் ஜேம்ஸ் ஸ்வான்சன். அவர் தம் ஆய்வில் குழந்தைகளுக்கு அரைமணிக்கு ஒருமுறை சிறுசிறு அளவாக மருந்து கொடுத்தார். சமமான அளவைக் கொடுத்தபோது பிற்பகலில் பயன் தேய்ந்தது. அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே போனபோது பயன் நிலைத்தது. உடல் அன்றன்றைக்கே மருந்துக்குப் பழகிவிடுகிறது. ஆகவே வேண்டியது சமதளம் அன்று, ஏறுமுகமான சாய்வு.

அச்சாய்வை ஒரு மாத்திரைக்குள் எப்படிக் கட்டுவது? உருகுவே நாட்டில் பிறந்த அலெக்சாந்திரோ சப்பரோனி 1968-இல் தொடங்கிய ஆல்சா என்ற நிறுவனத்திடம் அதற்கு விடை இருந்தது. அங்கே பெலிக்ஸ் தியூவ்ஸ் என்பவர் 1970-களிலேயே சவ்வூடு பரவலால் இயங்கும் ஒரு நுண்ணிய பம்பைச் செய்திருந்தார். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் தோலூடே நீர் புகுந்து உப்புமல்லவா? அதே நியதிதான். கரையாத தோலுக்குள் மூன்று அடுக்குகள்: மேலிரண்டில் மருந்து, அடியில் நீர்பட்டால் உப்பும் பொருள். தோலின் ஒரு முனையில் லேசர் ஒளியால் இட்ட ஊசித்துளை. வயிற்றின் நீர் தோலூடே புக, அடியடுக்கு உப்பி, மருந்தைத் துளைவழியே பிதுக்கித் தள்ளுகிறது. இரண்டாம் அடுக்கில் மருந்து அடர்த்தி அதிகமாகையால் நேரம் ஏற ஏற வரத்தும் ஏறும். காலையில் உடனே பயன் தர, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மருந்து தோலின்மேல் பூச்சாகவே இருக்கும். 'கான்சர்ட்டா' என்ற பெயரில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசு இதற்கு இசைவு தந்தது. காலையில் ஒன்று உண்டால் ஏறத்தாழ 12 மணி நேரம் பயன் தரும். வேலை முடிந்த வெற்றுத்தோல் மலத்தோடு வெளியேறிவிடும். கண்டு அஞ்சவேண்டாம் என்று மருந்துத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுகளில் நுண்மணிக் குமிழ்கள் மறுபடி வந்தன. 2007-இல் உடலுக்குள் போய்ச் சிதைந்தபின்னரே மருந்தாக மாறும் ஒரு பொருளும் வந்தது.

இவ்வளவு நுட்பமும் நம் ஊரில் ஓர் அம்மிக்கல்லின் முன் தோற்றுவிடும். அதைப் பின்னர் சொல்லுவோம்.

இம்மருந்துகளைச் சட்டம் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பல நாட்டுப் படைகளுக்கு ஆம்பெடமின் இனத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. போருக்குப்பின் சப்பானில் எஞ்சிய கையிருப்பு மக்களிடம் பாய்ந்து, அந்நாடு போதையில் தவித்தது. 1970-இல் அமெரிக்காவின் ஒமாகா நகரில் பள்ளிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இம்மருந்து தரப்படுகிறது என்று நாளிதழ் ஒன்று எழுத, நாடாளுமன்றக் குழு ஒன்று கூடி விசாரித்தது. அந்தக் கணக்குப் பிழையானது. ஆனால் அச்சம் நிலைத்துவிட்டது. 1971-இல் ஐக்கிய நாடுகளின் உளவியக்க மருந்துகள் உடன்படிக்கை மெத்தில்பெனிடேட்டைக் கடுங்கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் போதைமருந்துச் சட்டம் 1985-இல் வந்தபோது அதன் அட்டவணையிலும் இப்பெயர் ஏறியது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அவ்வாண்டு நவம்பர் 14. குழந்தைகள் நாள்! இது தற்செயல்தான், ஆயினும் குறிப்பிடாமல் கடக்க மனமில்லை.

நம் மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையிலும் அது இருக்கிறது. பொருள் என்னவெனில், இம்மருந்தை விற்கத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்கவேண்டும், மருத்துவர் சீட்டை இரண்டு படிகளாக எழுதவேண்டும், ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பாதுகாக்கவேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று பெரும்பாலான கடைக்காரர்கள் அதை வாங்கி வைப்பதேயில்லை. ஆம்பெடமின் இனத்து மாத்திரைகளோ அமெரிக்காவில் இக்கோளாறுக்குப் பரவலாகத் தரப்பட்டும், நம் நாட்டில் புழக்கத்தில் இல்லை. உலக நல நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் மெத்தில்பெனிடேட்டைச் சேர்க்கக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 2019-லும் 2021-லும் ஏற்கப்படவில்லை. நீண்டகாலப் பயனுக்கும் தீங்கின்மைக்கும் போதிய சான்று இல்லை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம்.

நம் நாட்டில் இத்தகைய பிள்ளைகள் உண்டா என்று கேட்பவர் இன்றும் இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் 4 பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 குழந்தைகளைப் பார்த்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. உலக அளவிலான ஒரு கணிப்பு நூற்றுக்கு 5 பேர் என்கிறது. அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும்; எனவே நாம் எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதிட மாட்டோம். 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலும், நாம் கற்பித்த ஆண்டுகளில் எத்தனை பேர் நம் பிரம்பின்கீழ் வந்து போயிருப்பார்கள்! வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் பெங்களூர் நிம்கான்சும் குழந்தைகளின் மனநலத்துக்கெனத் தனிப் பிரிவுகளை நெடுநாளாக நடத்திவருகின்றன. பாகாயத்தில் பிள்ளையோடு பெற்றோரும் தங்கிக் கற்றுக்கொள்ளும் வழக்கம் நம் குடும்ப வாழ்வுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது, கற்றல் குறைபாடு அதில் இடம்பெற்றது, கவனக்குறைபாடு இடம்பெறவில்லை.

இப்போது சிலமலைக்குத் திரும்புவோம்.

நமக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். அவருடைய மகன் நான்காம் வகுப்பில் படித்தபோது, பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் அவனை அடிக்காமல் மதுரைக்கு அழைத்துப் போகச் சொன்னார். பல முறை பார்த்து, பள்ளியிலிருந்தும் குறிப்பு வாங்கிப் படித்தபின், மருத்துவர் நீள்நேர மாத்திரையை எழுதிக்கொடுத்தார். தாய் விடியுமுன் மலையேறிவிடுவதால் நண்பகல் மாத்திரை கொடுக்க வீட்டில் யாருமில்லை. ஒரே வேளை மாத்திரை என்பது அக்குடும்பத்திற்கு வசதியன்று, அதுவொன்றே வழி.

இரு வாரம் கழித்து அவர் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார்.

"வாத்தியாரய்யா, முழு மாத்திர அவனுக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குது. அம்மியில பொடிச்சுத் தேன்ல கொழச்சுக் கொடுத்தேன். மொதல்ல படபடன்னு வருதுங்கிறான். மத்தியானத்துக்கு மேல பழையபடி ஆயிர்றான்."

"பொடிக்கக் கூடாதும்மா. நாள் பூராவும் கொஞ்சங் கொஞ்சமா எறங்க வேண்டியதை ஒரே வாயில எறக்கிட்டீங்க."

நாமெல்லாம் குழந்தைக்கு மாத்திரை கொடுப்பது இழைத்தும் பொடித்தும்தானே? அவர் செய்ததில் குற்றமில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தண்ணீரோடு சிறு வெல்லத்துண்டை விழுங்கவைத்துப் பழக்கி, ஒரு வாரத்தில் முழு மாத்திரையையும் விழுங்கக் கற்றுக்கொண்டான்.

அடுத்து வந்த இடர் பெரிது. இம்மருந்து பசியை அடக்கும். மேலை நாட்டில் அது சிறு தொல்லை. மாலையில் வீடு திரும்பிய பிள்ளை வயிறார உண்ணும். நம் பிள்ளைகளுக்கோ நண்பகல் உணவே நாளின் பேருணவு. காமராசர் காலத்தில் 1956-இல் வேரூன்றி, 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது அவ்வுணவு. பள்ளிக்குப் பிள்ளையை இழுத்ததே அந்தத் தட்டுதான். மருந்தின் வேகம் உச்சத்தை நோக்கி ஏறும் நேரமும், சாம்பார்சாதமும் முட்டையும் தட்டில் விழும் நேரமும் ஒன்றாயின. பையன் முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டான். இரண்டு மாதத்தில் எலும்பு தெரிந்தது. பாடம் ஏறுகிறது, உடம்பு இறங்குகிறது என்றார் தாய். எதை விடுவது, எதைக் கொள்வது? எந்த மருத்துவ நூலும் இத்தாயை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை.

ஓரளவு உதவியது காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15-இல் ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அந்த ஆசிரியை மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையைப் பள்ளியிலேயே காலை உப்புமாவுக்குப் பின் தரும்படி ஏற்பாடு செய்தார். வயிறு நிறைந்தபின் மருந்து. இரவில் மருந்தின் வேகம் தணிந்தபின், மலையிலிருந்து திரும்பிய தாய் சுடச்சுட ஆக்கிய சோற்றை உண்கிறான். இழந்த எடை மெல்லத் திரும்புகிறது.

மருந்தினால் எல்லாம் ஆகிவிடும் என்பாரோடும் நாம் இல்லை. மருந்தே நஞ்சு என்பாரோடும் இல்லை. அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் தொடர்ந்து கவனித்த பேராய்வின் முடிவு 1999 டிசம்பரில் வெளிவந்தது. செம்மையாகக் கண்காணித்துத் தந்த மருந்து, பயிற்சிமுறைகளைக் காட்டிலும் துறுதுறுப்பையும் கவனச்சிதறலையும் நன்கு குறைத்தது. ஆனால் மூன்றாண்டுக்குப் பின் அதே பிள்ளைகளைப் பார்த்தபோது, எந்தக் குழுவில் சேர்ந்திருந்தார்கள் என்பதால் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. தொடர்ந்து மருந்துண்டவர்கள் உண்ணாதவர்களைவிட ஏறத்தாழ 2 செ.மீ. உயரம் குறைவாக வளர்ந்திருந்தார்கள். இவ்வாய்வின் இருபகுதியையும் சேர்த்தே படிக்கவேண்டும். விற்கிறவர்கள் முதற்பகுதியைச் சொல்லுகிறார்கள். எதிர்ப்பவர்கள் பிற்பகுதியைச் சொல்லுகிறார்கள். நமக்குத் தெரிந்தவரை, அந்தப் பையனின் ஆண்டுகளில் ஓர் ஆண்டை இம்மாத்திரை மீட்டுக் கொடுத்தது. அந்த ஓராண்டில் அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றான். 'திமிர்' என்ற சொல்லை அவன் அந்த ஆண்டில் கேட்கவில்லை. முன்னது மருந்தின் வேலை. பின்னது அந்த ஆசிரியையின் வேலை. இரண்டில் எது அவனை அதிகம் குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

தாய் இன்றும் மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பேருந்து ஏறுகிறார். சீட்டின் ஒரு படி கடையில் தங்க, மறு படி அவருடைய சுருக்குப்பையில் மடிந்து வருகிறது.

பசி எடுக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரை வேண்டாமென மருத்துவர் விலக்குத் தந்திருக்கிறார். அதனால் திருப்பலிக்கு அவன் தன் இயல்போடேயே வருகிறான். சென்ற ஞாயிறு மறையுரை முடிவதற்குள் மூன்று முறை எழுந்து போய்த் தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து, ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு திரும்பினான். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். தாய் தலைகுனிந்தார். நாலாம் முறை அவன் எழுந்தபோது, ஓரத்தில் அமர்ந்திருந்த நாம் அவன் போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டோம்.